வேலை கற்றுத்தந்தவர் யார் பக்கம்?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பத்து வருடம் கழித்த யாரிடமும், "உங்களுக்கு வேலை கற்றுத்தந்தது யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளியின் பெயரோ பயிற்சி நிலையத்தின் பெயரோ அநேகமாக வராது. ஓர் ஆளின் பெயர் வரும். ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்த டெய்லராக இருப்பார். துணியை அடுக்கி வெட்டச் சொல்லித்தந்த கட்டிங் மாஸ்டராக இருப்பார். ஊரிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்து, வாடகைக்கு ரூம் பிடித்துக் கொடுத்த கான்ட்ராக்டராக இருப்பார். பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு பணிவு ஏறும். பேச்சு இன்னும் கொஞ்சம் நீண்டால், அதே ஆள் பிடித்துவைத்த சம்பளமும், கை ஓங்கியதும், எத்தனை வாரம் கழித்தாலும் தீராத அட்வான்ஸும் வெளியே வரும். முதலில் சொன்னதும் பின்னால் சொன்னதும் ஒன்றை ஒன்று பொய்யாக்குவதில்லை.

இந்த ஆளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை இரண்டு தனித்தனி அலமாரிகளில் இருக்கின்றன. உழைத்து முன்னேறியவர்களின் வரலாறுகளிலும் தொழிலமைப்புகளின் மலர்களிலும் அவர் கைதூக்கிவிட்டவர். தொழிலாளர் உரிமை அறிக்கைகளில் அவர் ஆள்பிடிப்பவர், சுரண்டுபவர். இரு தரப்பும் ஒரே மனிதரைத்தான் பேசுகின்றன என்பதைச் சேர்த்துவைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பின்னலாடைத் தொழிலின் அறத்தைப் பற்றிய கேள்வி இந்த ஒரு மனிதரிடத்தில்தான் முடிச்சாகி நிற்கிறது என்பது என் எண்ணம்.

இந்த முடிச்சைக் கூர்மையாகக் காட்டிய படைப்பு ஒன்று ஜப்பானிலிருந்து வந்திருக்கிறது. கையூ ஷிராய் எழுதி, போசுகா டெமிசு வரைந்த 'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்' 2016 முதல் 2020 வரை வார இதழில் மாங்காவாக வெளிவந்தது. 2019இல் அனிமே தொடரானது. உலகம் மனிதர் பக்கம், அரக்கர் பக்கம் என்று இரண்டாகப் பிளந்துபோன பிறகு, அரக்கர்களின் பக்கத்தில் சிக்கியவர்களின் கதை அது. கிரேஸ் ஃபீல்டு என்ற அழகான இல்லத்தில் அனாதைக் குழந்தைகள் வளர்கிறார்கள். வெள்ளை உடை, நல்ல சாப்பாடு, தினமும் கடினமான தேர்வு. இஸபெல்லா என்ற பெண் அவர்களை வளர்க்கிறாள். எல்லோரும் அவளை அம்மா என்றே கூப்பிடுகிறார்கள். தத்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பப்படும் குழந்தைகள் உண்மையில் அரக்கர்களுக்கு இரையாகப் போகிறார்கள். நன்றாகப் படித்த மூளைக்கு அங்கே விலை அதிகம். அதனால்தான் அந்தப் பாடமும் தேர்வும்.

இதோடு நின்றிருந்தால் இஸபெல்லா வெறும் ராட்சசி. கதை அவளுடைய சிறுவயதுக்குப் போகிறது. அவளும் அதே இல்லத்தில் வளர்ந்த குழந்தை. தன் தோழனை அனுப்பிவைத்து இழந்தவள். மதில் ஏறிப் பார்த்து, அப்பால் பாதாளம் என்று தெரிந்து மனம் உடைந்தவள். நன்றாகப் படிக்கும் பெண் குழந்தைக்கு மட்டும் உயிர்பிழைக்க ஒரு வழி உண்டு: தானும் ஒரு 'அம்மா' ஆவது. அப்படி ஆனவளின் உடம்பில் ஒரு கருவி பொருத்தப்படும். எல்லையைத் தாண்டினால் உயிர் போகும். அவள் குழந்தைகள் மீது வைத்திருக்கும் அன்பு பொய்யென்று கதை எங்கும் சொல்வதில்லை. தப்ப நினைக்கும் சிறுமியின் காலை முறிப்பதும் அவள்தான். கடைசியில் குழந்தைகள் தப்பிப்பது அவள் தந்த கல்வியைக் கொண்டுதான்.

அழிவுக்குப் பிந்தைய அனிமேக்களில் இந்த மாதிரி ஆசான்கள் அடிக்கடி வருகிறார்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரில் கென்னி என்ற கொலைகாரன், தாய் இறந்து பட்டினியில் கிடந்த சிறுவனுக்குச் சோறு போட்டு, கத்தி பிடிக்கக் கற்றுத்தந்து, அவன் தனியாக ஒரு சண்டையை ஜெயிக்கும் நேரத்தில் சொல்லாமல் விட்டுப் போகிறான். ஆனால் கென்னி அந்தச் சிறுவனைக் கட்டிவைக்கவில்லை. இஸபெல்லாவிடம் மூன்று வேலைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: கற்றுத்தருபவள் அவள், படியளப்பவள் அவள், வாசலைக் காப்பவளும் அவள். இவற்றில் ஒன்று மட்டும் அவளிடம் இருந்திருந்தால் அவள் நல்ல டீச்சராகவோ கண்டிப்பான மேலாளராகவோ இருந்திருப்பாள். மூன்றும் ஒரே கையில் சேர்ந்ததால், அவளுடைய அன்பே குழந்தைகளை உள்ளே வைத்திருக்கும் பூட்டாகிறது.

தமிழர்கள் இந்த மூன்றும் ஒன்றான ஆளை நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் கூட்டிப்போன கங்காணி ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் பழக்கியவர் அவர்தான். கப்பல் பயணத்தில் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணி என்று அடுக்கு இருந்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளியின் கடன் துண்டு என்ற சீட்டில் ஏறும். கடன் தீராமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக வழியில்லை. இலங்கையில் அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. மலாயாவுக்குத் தொழிலாளர்களைக் கூட்டிச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடுத்தது. இரண்டு இடத்திலும் கங்காணி நல்லவரா கெட்டவரா என்று யாரும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கவில்லை. அவர் கையிலிருந்த ஒரு சீட்டைப் பிடுங்கினார்கள், ஒரு கதவை அடைத்தார்கள்.

ஆலைகளில் இதே கதை மேஸ்திரியின் பெயரில் நடந்தது. விட்லி தலைமையில் 1929இல் அமைந்து 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம் இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்துவிட்டு, மேஸ்திரியிடம் குவிந்திருக்கும் அதிகாரத்தைத் தனியாகவே கவனித்து எழுதியது. ஆளெடுப்பது, வேலை பழக்குவது, லீவு தருவது, வேலையை விட்டு நிறுத்துவது என்று அத்தனையும் அவர் கையில் இருந்தன; ஒவ்வொன்றுக்கும் மாமூல் இருந்தது. ஆளெடுப்பதையும் நிறுத்துவதையும் அவரிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அதிகாரி ஒருவரிடம் தர வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை. மேஸ்திரியை ஒழிக்கச் சொல்லவில்லை. அவர் வேலையைக் கற்றுத்தரட்டும், மேற்பார்க்கட்டும். வாசல் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும் என்றது. இந்தக் கேள்வியைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் மிகவும் தெளிவான வரிகள் அந்தப் பழைய அறிக்கையில்தான் இருக்கின்றன என்று நான் கருதுகிறேன். பெரிய ஆலைகளில், சங்கம் வலுத்த இடங்களில், இது ஓரளவு நடந்தது.

பனியன் தொழிலில் நடக்கவில்லை.

1920களில் சில கைமிஷின்களோடு தொடங்கிய இந்தத் தொழில் பெரிய ஆலையாக ஒருபோதும் ஆகவில்லை. சிறு சிறு யூனிட்டுகளாகவே பெருகியது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரின் வரலாற்றில் அதற்கு இணையான போராட்டம் கிடையாது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகப் பெருக, வேலை ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் கூடங்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் உடைந்து பரவியது. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடியைத் தொட்டது. இவ்வளவு பெரிய தொழிலுக்கு வேண்டிய கைகளைப் பழக்கியது யார்? முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது, அரசுப் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் ஒரு டெய்லரின் பக்கத்தில் நின்று கற்றவர்கள்.

அப்படி நின்றவர்களுக்குக் கைமடி என்று பெயர். டெய்லர் தைத்துத் தள்ளும் பீஸை வாங்கி மடித்து, அடுத்த பீஸை எடுத்துக்கொடுத்து, நூல் வெட்டி அடுக்குவது கைமடியின் வேலை. பல கம்பெனிகளில் கைமடிக்குக் கூலி கொடுத்தது கம்பெனி கிடையாது. பீஸ் ரேட்டில் வாங்கும் டெய்லர் தன் வருமானத்திலிருந்து கொடுத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு வந்த குழந்தைகள் ஒரு தலைமுறை முழுக்க இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் எழுந்து போனதும் மிஷினில் உட்கார்ந்து கழிவுத்துணியில் ஓட்டிப் பார்ப்பதுதான் பயிற்சி. மனமுள்ள டெய்லர் பத்து நிமிஷம் முன்னதாகவே எழுந்துகொள்வார். மனமில்லாதவர் ஊசி உடைந்தால் கூலியில் பிடிப்பார். ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரை மணிக்கு வெளியே வரும் குழந்தைக்கு, பத்து நிமிஷம் முன்னால் எழுந்தவர் தெய்வம். அந்தக் குழந்தை பள்ளியில் இருந்திருக்க வேண்டும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, சுற்றியிருந்தவர்களும் யோசிக்கவில்லை. பின்னாளில் சட்டமும், ஏற்றுமதி வாங்கும் கம்பெனிகளின் சோதனைகளும், ஊரில் இயங்கிய குழந்தைத் தொழிலாளர் மீட்பு அமைப்புகளும் சேர்ந்துதான் இதைப் பெரிய கம்பெனிகளிலிருந்து வெளியேற்றின.

கைமடி டெய்லராகி, டெய்லர் கான்ட்ராக்டராகி, கான்ட்ராக்டர் முதலாளியாகும் ஏணி உண்மையிலேயே இருந்ததா? 1990களின் பிற்பகுதியில் இங்கே தங்கி ஆய்வு செய்த ஷரத் சாரி, 2004இல் வெளிவந்த 'ஃபிராட்டர்னல் கேப்பிட்டல்' நூலில் இதற்கு விரிவாகப் பதில் தருகிறார். விவசாயப் பின்னணியிலிருந்து வந்து, மிஷினில் உட்கார்ந்து, பிறகு கூட்டாளிகளோடு கம்பெனி தொடங்கிய கவுண்டர் சமூகத்து ஆண்கள் தொழிலின் பெரும்பகுதியைக் கையில் எடுத்ததை அவர் காட்டுகிறார். எங்கள் முதல் உழைப்புதான் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர் தீவிரமாக எடுத்துக்கொண்டார். தானே வேலை செய்தவருக்கு, வேலை செய்பவரை எங்கே தளரவிடுவது, எங்கே இறுக்குவது என்று தெரியும். சேர்ந்து உட்கார்ந்து டீ குடிப்பார், சேர்ந்தே ராத்திரி ஷிப்டும் பார்ப்பார். அந்த நெருக்கமே ஆட்களை வேலை வாங்கும் திறமையாகவும் மாறியது. அந்த ஏணியில் பெண்களும் தலித்துகளும் ஏற முடியவில்லை என்பதும் அவருடைய முடிவுகளில் முக்கியமானது. பழைய முதலாளி தன் டெய்லருக்கு மிஷின் எடுத்துக்கொடுத்துத் தனிக்கடை வைக்க உதவிய கதைகளை ஊரில் நிறையக் கேட்கலாம். உதவியவரும் உதவி பெற்றவரும் பெரும்பாலும் ஒரே சொந்தத்துக்குள், ஒரே சாதிக்குள் இருந்தார்கள்.

சாரி கண்டது ஏறிப் போனவர்களை. ஏணியில் நடுவழியில் நின்றுபோனவரைப் பற்றி கீர்ட் டி நேவ் 2014இல் எழுதிய ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவர் எழுதியது திருப்பூரின் தொழிலாளர் கான்ட்ராக்டர்களைப் பற்றி. இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கான்ட்ராக்டரைக் கொழுத்த இடைத்தரகராக நினைக்கிறார்கள். டி நேவ் காட்டும் கான்ட்ராக்டர் மாட்டிக்கொண்டவர். கம்பெனியில் ஆர்டர் இருக்கும்போது ஆளைக் கொண்டுவா என்பார்கள். ஆர்டர் இல்லாதபோது ஆளுக்கு வாரச் சம்பளம் கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. ஆளைத் தக்கவைக்க அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்; வாங்கியவர் அடுத்த தெருவில் பீஸுக்கு நாலணா கூட என்றால் போய்விடுவார். ரேட்டைத் தீர்மானிப்பது கம்பெனி, பணம் வரும் நாளைத் தீர்மானிப்பதும் கம்பெனி. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களின் முன்னால் நிற்பவர் மட்டும் கான்ட்ராக்டர். அவர்களில் பலர் முதலாளியாகாமலே கடனோடு திரும்பவும் டெய்லராகப் போய் உட்காருகிறார்கள்.

இதைப் படித்தபோது இஸபெல்லாவின் உடம்பில் வைத்த கருவிதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கான்ட்ராக்டர் தன் ஆட்களைச் சுரண்டுகிறார் என்பது நிஜம். அவரை அந்த இடத்தில் நிறுத்தி, வெளியே அடியெடுத்து வைத்தால் விழும்படி செய்திருப்பவர்கள் மேலே இருக்கிறார்கள் என்பதும் நிஜம். ஒரு டீ-ஷர்ட்டின் விலையை ஐரோப்பாவில் உட்கார்ந்து சில சென்ட் குறைப்பவர் யாரையும் நேரில் பார்ப்பதில்லை. அவர் குறைத்த காசு பீஸ் ரேட்டாக இறங்கி, கான்ட்ராக்டரின் வாயிலிருந்து திட்டாக வெளியே வருகிறது. திட்டு வாங்கியவருக்குத் தெரிந்த முகம் இவர் ஒருவர்தான்.

ஆனால் மாட்டிக்கொண்டவர் என்பதற்காக அவரை விடுவித்துவிடவும் முடியாது. கிரேஸ் கார்ஸ்வெலும் டி நேவும் சேர்ந்து 2014இல் எழுதிய இன்னொரு கட்டுரை திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களை ஒப்பிடுகிறது. விசைத்தறி ஓடும் கிராமத்தில் தறிக்காரரிடம் பெரிய அட்வான்ஸ் வாங்கிய அருந்ததியர் குடும்பங்கள் அதே தறியோடு கட்டுண்டு கிடக்கின்றன. பனியன் கம்பெனிக்குப் போய்வரும் கிராமத்தில் அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது. வேலை இரண்டு இடத்திலும் கடினம், கூலி இரண்டு இடத்திலும் போதாது. வேறுபாடு போக முடிகிறதா என்பதில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: வாங்கிய முன்பணம் ஒருவர் வேறிடத்தில் வேலை தேடும் உரிமையையோ, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ பறிக்கிறதா? ஆம் என்றால், முன்பணம் தந்தவர் எவ்வளவு பாசமாகத் தந்தார் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அது சரியான நிலைப்பாடு.

சாயப்பட்டறை மாஸ்டரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாக. ஷேடு பார்த்த மாத்திரத்தில் எந்தச் சாயம் எவ்வளவு என்று சொல்லும் அவருடைய கண்ணை எந்தப் படிப்பும் தராது. அந்தக் கண்ணைப் பல பையன்களுக்குப் பழக்கியிருக்கிறார். கழிவு நீரை எங்கே விடுவது என்பதையும் அந்தப் பையன்கள் பட்டறையில்தான் கற்றார்கள். நொய்யலில் 1992இல் கட்டி முடிந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவைத் தேக்கியது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. விவசாயிகளுக்கு 2004இல் நிர்ணயிக்கப்பட்ட இழப்பீடு சுமார் 25 கோடி ரூபாய். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' நாவல் அந்த நாளுக்குப் பல வருடம் முன்பே எச்சரித்திருந்தது. 1984இல் அனிமே இயக்குநர் மியாசாகி எடுத்த 'நௌசிகா' படத்தின் நச்சுக் காட்டுக்கு, பாதரசத்தால் செத்த மினமாட்டா விரிகுடா ஒரு தூண்டுதல் என்பார்கள். ஜப்பானியருக்கு உலக அழிவு என்பது கற்பனையில் மட்டும் வந்ததில்லை. நொய்யல் கரையில் கிணறு வைத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். பட்டறைகள் திரும்பத் திறந்தது, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பிறகு. அதே மாஸ்டர்கள் அந்த முறையையும் பழகிக்கொண்டார்கள். கற்றுத்தருபவரின் குணம் ஒரே இரவில் மாறவில்லை. நீதிமன்றம் கழிவுநீர் வால்வின் கட்டுப்பாட்டை அவர் கையிலிருந்து எடுத்தது.

இஸபெல்லாவுக்கு மிகவும் நெருங்கி வரும் இடம் ஒன்று பாக்கியிருக்கிறது. நூற்பாலைகளின் பெண்கள் விடுதி. கேம்ப் என்பார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து ஆலைகள் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கூட்டிவந்தன. மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்றும் வேறு மங்கலப் பெயர்களிலும் இது ஓடியது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ நிறுவனமும் 'நெதர்லாந்து இந்தியக் குழு' என்ற அமைப்பும் 2011இல் வெளியிட்ட 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கை இதை உலகத்தின் முன் வைத்தது. நீண்ட ஷிப்டுகள், வெளியே போக அனுமதி இல்லாமை, வீட்டாரோடு பேசக் கட்டுப்பாடு, பாதியில் போனால் மொத்தத் தொகையும் இல்லை. மூன்று வருடத்துக்குச் சில வாரம் குறைவாக வீடு திரும்பிய பெண்ணுக்குக் கையில் எதுவும் இல்லாமல் போனதுண்டு.

அந்த விடுதிகளின் வார்டன்களையும் லைன் சூப்பர்வைசர்களையும் கவனியுங்கள். அவர்களில் சிலர் அதே ஆலையில் சிறுவயதில் ரிங் ஃபிரேமில் ஓடிய பெண்கள். கல்யாணம் நடக்காமலோ, நடந்து உடைந்தோ, ஊருக்குத் திரும்ப வழியில்லாமலோ அங்கேயே தங்கியவர்கள். புதிதாக வந்து அழும் பெண்ணை அணைத்துக்கொள்ளும் 'அக்கா' அவர். அறுந்த நூலை எப்படி வேகமாகப் போடுவது என்று சொல்லித்தருபவர், மாதவிடாய் நாளில் மாத்திரை வாங்கித் தருபவர், கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர், வாசலில் கணக்கு வைப்பவர். இவரைக் கொடியவர் என்று எழுதுவது எளிது. அவருக்கு அந்த வேலையில்லாமல் போனால் வேறு என்ன இருந்தது என்று கேட்டால் எழுத்து நின்றுபோகும். அதேசமயம், அவருடைய அரவணைப்பு இல்லாமல் அந்த விடுதி ஒரு மாதம்கூட ஓடியிருக்காது. பூட்டு மட்டும் இருந்திருந்தால் பெண்கள் முதல் வாரமே சுவரேறிக் குதித்திருப்பார்கள். அவரிடம் வைத்த பிரியம்தான் அவர்களை இருக்க வைத்தது. கிரேஸ் ஃபீல்டு அம்மாவின் கதை இங்கே கற்பனையாகத் தோன்றாததற்குக் காரணம் அதுதான்.

தமிழ்நாட்டில் 2014இல் மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. பதிவு, உரிமம், வசதிகள் என்று பலதையும் அது கேட்கிறது. வார்டனின் சம்பளத்தை ஆலையே கொடுக்கும்வரை, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இதற்கு விடை போலத் தோன்றும் ஒன்று 2022இல் நடந்தது. அதற்கு முந்தைய வருடத் தொடக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், ஹெச் அண்ட் எம் என்ற வாங்கும் நிறுவனத்தோடும் ஏப்ரல் 2022இல் அது எட்டி, பின்னர் கேப், பிவிஹெச் நிறுவனங்களும் சேர்ந்துகொண்ட உடன்பாட்டைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்கிறார்கள். அதன்படி தொழிலாளப் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, தொல்லையை அடையாளம் காணவும் புகாரை எடுத்துச் செல்லவும் சங்கம் பயிற்சி தருகிறது. புதிதாக வந்த பெண் சந்தேகம் கேட்க ஓர் அக்கா இருக்கிறார். அந்த அக்காவின் கையில் அவளுடைய சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை. மீறினால் வாங்கும் நிறுவனங்கள் ஆர்டரை வைத்து அழுத்தம் தர வேண்டும். சில ஆலைகளைத் தாண்டி இது பரவவில்லை என்பது குறை. ஆனால் இந்தக் கட்டுரையில் பேசிய எல்லா ஏற்பாடுகளிலும், கற்றுத்தருபவரையும் வாசல்காரரையும் உண்மையாகவே பிரித்தது இது ஒன்றுதான்.

இப்போது பின்னல் மிஷின்களுக்கும் தையல் வரிசைகளுக்கும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து தமிழ் கற்ற ஒரு 'பையா' அவர்களுடைய கான்ட்ராக்டர். ரூம் அவர் பெயரில், ஏடிஎம் கார்டு சில சமயம் அவர் பையில். 2020 ஊரடங்கில் ரயில் பிடிக்க வழி தெரியாமல் நின்றவர்களுக்குச் சோறு போட்டவர்களிலும் இந்த ஆட்கள் இருந்தார்கள், போனை அணைத்துவிட்டு மறைந்தவர்களிலும் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, நின்ற ஆர்டரின் சுமை முதலில் இறங்கியதும் இவர்களுடைய வாரச் சம்பளக் கணக்கில்தான். கங்காணியிலிருந்து பையா வரை நூறு வருடம். ஆளின் மொழியும் சொந்த ஊரும் மாறியிருக்கின்றன, மூன்று சாவிகளும் இன்னும் ஒரே கொத்தில் தொங்குகின்றன.

இந்த ஆய்விலிருந்து நான் எட்டிய முடிவு இது. வேலை கற்றுத்தந்தவரின் நெஞ்சைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இஸபெல்லாவின் நெஞ்சில் அன்பு இருந்தது; அது அவள் அனுப்பிவைத்த எந்தக் குழந்தையையும் காப்பாற்றவில்லை. பல கான்ட்ராக்டர்களின் நெஞ்சிலும், பல வார்டன்களின் நெஞ்சிலும் அன்பு இருக்கிறது. கேட்க வேண்டியவை: அவரிடம் கற்றவர் அவரைக் கேட்காமல் வேறு கம்பெனிக்குப் போக முடிகிறதா? சம்பளம் அவர் கை வழியாக வருகிறதா, நேராக வருகிறதா? அறையின் சாவி யாரிடம்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், அவர் எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும் ஆசான்தான். பதில் மோசமாக இருந்தால், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அவரை அந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அவரை அங்கே வைத்து லாபம் பார்ப்பவரையும் சேர்த்தே கேள்வி கேட்க வேண்டும்.

திருப்பூரில் சில வருடங்களுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பனியன் தொழிலாளர் சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் சதவீதத்திலேயே நடந்து முடிகிறது. அடுத்த முறை உட்காரும்போது இரண்டு பக்கத்தாரும் இதையும் மேஜை மேல் வைக்க வேண்டும்: கான்ட்ராக்டர் கொண்டுவந்த ஆளுக்கும் கம்பெனியே நேராக வங்கியில் சம்பளம் போடட்டும். கற்றுத்தந்ததற்குக் கான்ட்ராக்டருக்கும் மூத்த டெய்லருக்கும் கம்பெனி தனியாகப் பயிற்சிக்கூலி தரட்டும், ஆட்களின் கூலியிலிருந்து அவர்கள் அதை எடுக்க வேண்டாம். இத்தனை மாதம் இன்ன மிஷின் ஓட்டினார் என்று ஒரு தாள், கேட்காமலே, ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் கிடைக்கட்டும். ஆலை விடுதியின் வார்டனை ஆலை நியமிக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகும் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் கைமடியாக நின்றவர்கள் என்பதால், இவற்றை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.